கொஞ்சம் பூச்சி இருக்கட்டும்

காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் கிணற்றடியில் ஒரு பப்பாளி மரமாவது நிற்கும். 2008-ல் கோவை வட்டாரத்தில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, இரண்டே வருஷத்தில் தமிழகம் முழுக்கப் பரவியது. மரவள்ளி, மல்பெரி, பருத்தி எதையும் விடவில்லை. அதன் உடம்பெல்லாம் மெழுகு. அடித்த மருந்து உள்ளே இறங்காது. அதைத் தின்ன வந்த பொறிவண்டுகள்தான் செத்தன.

மெக்சிகோப் பக்கத்துப் பூச்சி அது. தன் எதிரியை அங்கேயே விட்டுவிட்டு இங்கே வந்திருந்தது. 2010-ல் பெங்களூரிலுள்ள மத்திய அரசின் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம், புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தது. அவற்றில் நன்றாக வேலை செய்தது அசிரோஃபேகஸ் பப்பாயே. ஒரு மில்லிமீட்டர்கூட இராது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி ஊர் ஊராக அனுப்பியது.

பெருக்கிய விதம்தான் என் மனசில் நிற்கிறது. உருளைக்கிழங்கை முளைக்க வைத்து, அந்த முளையில் மாவுப்பூச்சியை மெனக்கெட்டு வளர்க்க வேண்டும். ஊரே கொல்லத் துடிக்கும் பூச்சிக்குக் கூண்டு, தீனி, காவல்! அது இருந்தால்தான் குளவி அதன் உடம்புக்குள் முட்டை வைக்கும்; குளவிப் புழு உள்ளேயே தின்று வளரும்.

அடுத்த ஆண்டுக்குள் மாவுப்பூச்சி அடங்கியது. அடங்கியதே தவிர ஒழியவில்லை, ஒழிந்திருக்கவும் கூடாது. ஒன்றுகூட மிஞ்சாமல் போயிருந்தால் குளவியும் பட்டினியில் மாண்டிருக்கும். பிறகு எங்கிருந்தாவது பூச்சி திரும்பி வந்தால் தடுக்க யார் இருப்பார்?

வயசான காலத்தில் எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. பங்காளிச் சண்டையில் எதிராளியை வேரோடு சாய்க்கக் கிளம்பிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். கோர்ட்டில் ஜெயித்தார்கள், நல்லது கெட்டதுக்கு வந்து நிற்க ஆளில்லாமல் போனது. மனத்தாங்கலோடேயே, முன்னோருக்குப் படைக்கும் படைப்பு வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் பிள்ளைகள் இன்றைக்கும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வருகிறார்கள்.

இப்போதும் பப்பாளியில் நாலு வெள்ளைப் புள்ளி தெரிந்ததும் மருந்துக்கடைக்கு ஓடுகிறார்கள். தம்பி, முதலில் இலையைத் திருப்பிப் பார். பழுப்பாகக் காய்ந்த பூச்சிக்கூட்டில் ஊசி குத்தினாற்போல் ஓட்டை இருந்தால் குளவி வந்துவிட்டது என்று அர்த்தம். மருந்தடித்தால் முதலில் சாவது அதுதான். சந்தேகம் என்றால் அந்த இலையைக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் கொண்டுபோய்க் காட்டு.