சீக்கிரம் போனவர்



நெப்ராஸ்காவில் மகள் வீட்டில் இருக்கிறேன். நேற்று மாப்பிள்ளையின் நண்பர்களுக்குள் வாக்குவாதம்: எந்தக் கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளர் சீக்கிரம் விலகிவிட்டார்? (அமெரிக்கக் கால்பந்து, காலுக்கு வேலை குறைவு!) இந்த ஊருக்கு டாம் ஆஸ்போர்ன்தான். 25 ஆண்டுகள், 255 வெற்றிகள். 1997இல் மூன்றாவது தேசியப் பட்டம் வாங்கிய கையோடு, 60 வயதில் போய்விட்டார். அதன்பிறகு இவர்களுக்குத் தேசியப் பட்டமே இல்லை. "இன்னும் அஞ்சு வருஷம் இருந்திருக்கலாம்" என்று ஒரு பெரியவர் புலம்பினார். 1985லேயே இதய அறுவை சிகிச்சை ஆன மனிதர் ஐயா அவர்!

நான் வாய் திறக்கவில்லை. உங்கள் டீச்சரம்மாவின் டயாலிசிஸுக்காகப் பத்தாம் வகுப்பை நடுவருடத்தில் விட்டு, விருப்ப ஓய்வில் வந்தவன் நான். அந்த வகுப்புப் பிள்ளைகள் யாராவது இதைப் படிக்கிறீர்களா?