வேகம் அறியும் கல்வி

ஒரு பொருள் இன்னொரு பொருளாக மாறும் என்று அறிவது ஒரு கல்வி. எவ்வளவு நேரத்தில் மாறும் என்று அறிவது மற்றொரு கல்வி. 'கீமியா' என்னும் அரபுச் சொல்லைப் பல்லாண்டுகள் மாணவர்க்கு ஓதிக் கொடுத்த நமக்கு, இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு அண்மையில்தான் விளங்கலாயிற்று.

காட்டுப்பாக்கத்தில் நம் இல்லத்தில் தங்கி வேதிப் பொறியியல் பயிலும் தம்பி மகன், "பெரியத்தா, இதற்குத் தமிழில் என்ன சொல்வது?" என்று ஒருநாள் தன் பாடநூலைக் கொண்டுவந்தான். அது வினைவேகவியல் என்னும் பகுதி. சொல் தேடப் புகுந்த நாம், பொருளையும் அவனிடமே பாடம் கேட்கலானோம். மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரம் அதற்கு வாய்த்தது.

எது எதனோடு எந்த அளவில் சேரும் என்பதைச் சமன்பாடு கூறும். எப்போது முடியும் என்பதைக் கூறாது. அதனை அளந்தே அறிதல் வேண்டும். 1850இல் வில்ஹெல்மி என்னும் ஜெர்மானிய அறிஞர் அவ்வாறு அளந்தார். அமிலம் கலந்த நீரில் கரும்புச் சர்க்கரை, குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாகப் பிரிவதை, அக்கரைசல் ஒளியின் தளத்தைத் திருப்பும் அளவைக் கொண்டு நேரத்தோடு குறித்துவந்தார். எஞ்சியிருக்கும் சர்க்கரைக்கு ஏற்பவே வினையின் வேகம் அமைவது புலனாயிற்று. ஒரு மணியில் பாதி கரையுமாயின், அடுத்த மணியில் மீதியில் பாதியே கரையும்.

வெப்பத்தின் பங்கினை 1889இல் சுவீடன் நாட்டு அறிஞர் அர்ஹீனியஸ் விளக்கினார். அறை வெப்பநிலையை ஒட்டிய பல வினைகள் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழ இருமடங்கு விரைவடையும். அக்கணக்கில், 20 பாகையில் இருந்த வேகம் 60 பாகையில் 16 மடங்காகும்.

இவ்வாறு குடுவையில் கண்டதைக் கணிதமாக்கி ஆலையின் பெருங்கலத்திற்குக் கொண்டுசெல்வதே இக்கல்வியின் நோக்கம். இதனைக் கேட்டபோது, மதரஸாவில் ஓதிய 'கியாஸ்' நம் நினைவில் எழுந்தது. திராட்சை மதுவின் விலக்கு பிற போதைப் பொருள்களுக்கும் செல்வது, போதை என்னும் காரணம் இரண்டிலும் இருப்பதாலன்றோ? காரணத்தைக் கெடுக்கும் வேறுபாடு இடையில் இருப்பின் அந்தக் கியாஸ் செல்லாது. அதனைக் 'கியாஸ் மஅல் ஃபாரிக்' என்பர்.

குடுவைக்கும் கலத்திற்கும் இடையே அத்தகைய வேறுபாடு ஒன்று உண்டு. ஒரு கலத்தின் நீள அகல உயரங்களைப் பத்து மடங்காக்கினால், அதன் கொள்ளளவு 1000 மடங்காகும். வெப்பம் வெளியேறும் மேற்பரப்போ 100 மடங்கே ஆகும். குடுவையில் தானே ஆறிவிடும் வினை, பெருங்கலத்தில் ஆறுவதில்லை. வெப்பம் வேகத்தைக் கூட்ட, வேகம் மேலும் வெப்பத்தைக் கூட்டும்.

இது ஏட்டளவில் நின்ற செய்தியன்று. 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு, போபால் யூனியன் கார்பைடு ஆலையில் சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் இருந்த தொட்டியில் நீர் புகுந்தது. வினை மூண்டது, வெப்பம் ஏறியது, வேகம் பெருகியது. தொட்டியைக் குளிர்விக்க வேண்டிய இயந்திரமோ பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. நச்சு வாயு ஊரைச் சூழ, உறக்கத்திலிருந்த ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். அந்த நீரும் அந்தப் பொருளும் சேர்ந்தால் வினை நிகழும் என்பது முன்பே அறிந்த செய்திதான். அறிந்தது காவலாகவில்லை.

நம் பிள்ளைகள் மணலியிலும் அம்பத்தூரிலும் கடல் கடந்த வளைகுடா நாடுகளிலும் ஆலைகளில் பணியாற்றுகின்றனர். தம்பி மகனும் நாளை ஏதேனும் ஒரு கலத்தின் அருகே நிற்கப்போகிறவன். தேர்வுக்காக மட்டும் இதனை மனனம் செய்தல் போதாது என்று அவனிடம் கூறினோம். இந்தக் கணக்கு எந்த வெப்பநிலை வரை செல்லும், எவ்வளவு பெரிய கலத்திற்குச் செல்லும், குளிர்விப்பு நின்றால் எத்தனை நிமிடம் எஞ்சும் என்று ஒவ்வொரு முறையும் அவன் கேட்டாக வேண்டும். அக்கலத்தின் வால்வைத் திருகும் தொழிலாளிக்கும் அந்த விடையைத் தமிழில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அவன் நம்மிடம் சொல் கேட்டு வந்ததன் பயன் அதுவே.