ஒரே இரைச்சல் என்பார்க்கு

வகை பிரித்தல் தமிழுக்குப் புதிதன்று. பொருளை அகமென்றும் புறமென்றும், நிலத்தைக் குறிஞ்சி முதலாகவும் பிரித்து நோக்கிய மரபு நம்முடையது. பாக்களையோ ஓசையாலேயே இனங்கண்டார்கள். வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியத்துக்கு அகவல், கலிக்குத் துள்ளல், வஞ்சிக்குத் தூங்கல். இத்துணை நுண்ணிய செவியைப் பெற்றவர்கள், இன்றைய இளைஞர்கள் கேட்கும் மின்னணு நடன இசை என்று வரும்போது மட்டும் "எல்லாம் ஒரே இரைச்சல்" என்று சொல்லி எழுந்துவிடுகிறார்கள். அந்த ஒரு தொடரைப் பற்றியே இங்கு எழுத விழைகிறோம்.

நம்மிடம் முதுகலை பயிலும் மாணவர் ஒருவர் சேத்தூரைச் சேர்ந்தவர். இராசபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில், மலையடிவாரத்தில் உள்ள ஊர் அது. பழைய ஏடுகளில் சேற்றூர். மாணவரின் தந்தையார் நையாண்டி மேளத்தில் உறுமி வாசிப்பவர். மகன் மடிக்கணினியில் இசையமைக்கிறார். வகுப்பு முடிந்த மாலைகளில் ஹெட்போனை நம் காதில் மாட்டி, "ஐயா, இது ஹவுஸ், இது டெக்னோ" என்று வகைகளைச் சொல்லித் தந்தவர் அவரே.

ஹவுஸ் 1980களின் தொடக்கத்தில் சிகாகோவில் பிறந்தது. ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டுகளைச் சுழற்றிய 'வேர்ஹவுஸ்' என்னும் நடன விடுதியின் பெயரே சுருங்கி இசையின் பெயராயிற்று என்பர். நான்கு எண்ணிக்கையில் ஒவ்வோர் எண்ணுக்கும் 'கிக்' எனப்படும் கனத்த அடி விழும். இரண்டு அடிகளுக்கு நடுவே ஹை-ஹாட் 'த்சு' என்று மூச்சுவிடும். இரண்டாவதிலும் நான்காவதிலும் கைத்தட்டல் ஒலி. நிமிடத்துக்கு 120 அடியை ஒட்டிய நடை; பல பாடல்களில் மனிதக் குரலின் வெதுவெதுப்பு உண்டு. டெக்னோ, 1980களின் நடுவில் டெட்ராய்ட் நகரில் ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகியோர் வளர்த்தது. அங்கும் நான்குக்கு நான்கு அடிதான். ஆனால் குரல் பெரிதும் ஒதுங்கிக்கொள்ள, இயந்திரத்தின் விடாத ஓட்டம் முன்னே வருகிறது. "நூற்பாலைக்குள் நிற்பதுபோல் இருக்கும் ஐயா" என்றார் மாணவர். இராசபாளையம் பக்கத்துப் பிள்ளைக்கு வேறெந்த உவமை தோன்றும்!

இரண்டுக்கும் நான்கடி பொது என்றால் வேறுபாடு எங்கே என்று கேட்கலாம். வெண்பாவுக்கும் ஆசிரியப்பாவுக்கும் நாற்சீரடி பொதுதான். ஈற்றடி முச்சீராயின் வெண்பா. ஈற்றயலடி முச்சீராயின் நேரிசை ஆசிரியம். தளையும் வேறு, ஓசையும் வேறு. எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றென்று யாப்புப் படித்தவர் எவரும் சொல்லமாட்டார்.

இன்னொரு சான்று. டிரான்ஸ் என்னும் வகையில் பல பாடல்கள் நிமிடத்துக்கு 140 அடியை ஒட்டி ஓடும். மெட்டு படிப்படியாக உயர்ந்து, நடுவில் அடி முற்றிலும் நின்று, கேட்பவரைத் தவிக்கவிட்டுப் பின்பு மீளும். 2000ஐ ஒட்டித் தென் இலண்டனில் உருவான டப்ஸ்டெப்பும் 140 அடியை ஒட்டியதே. ஆனால் அதில் முதல் எண்ணில் கிக்கும் மூன்றாம் எண்ணில் ஸ்நேரும் விழ, உடம்பு 70 என்றே உணர்கிறது. இடையில் அடித்தொனி உறுமி உறுமி வளையும். தவிலில் காலம் மாற்றி வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு இது உடனே விளங்கும். டிரம் அண்டு பேஸ் வகையிலோ 170 அடியளவில் தாளம் சிதறி ஓட, அடித்தொனி அதன் பாதி வேகத்தில் நிதானமாக நடக்கும். ஆகவே, எண்ணைப் பார்ப்பதைவிடக் கால் எங்கே ஊன்றுகிறது என்று பார்ப்பதே வகையறிய வழி.

வகையின் பெயர் தெரியாவிட்டால் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்குச் சரண்ஜித் சிங்கின் கதையைச் சொல்லலாம். மும்பையில் இந்தித் திரையிசைக் குழுக்களில் வாசித்த கலைஞர் அவர். 1982இல், அப்போது புதிதாக வந்திருந்த ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303, டிஆர்-808 கருவிகளைக் கொண்டு பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து இசைத்தட்டாக்கினார். பூபாளி, யமன், மால்கௌன்ஸ் எல்லாம் அதில் உண்டு. நம் மோகனம், கல்யாணி, இந்தோளம். அன்று அதைப் பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. அதே டிபி-303இன் நெளியும் ஒலியை வைத்துச் சிகாகோவின் 'ஃபியூச்சர்' குழு 1987இல் வெளியிட்ட தட்டிலிருந்து 'ஆசிட் ஹவுஸ்' என்ற வகை பெயர்பெற்றது. சிங்கின் தட்டு 2010இல் மறுபதிப்பான பிறகுதான் உலகம் வியந்தது. ஒன்று மற்றொன்றுக்கு வழிகாட்டியது என்பதற்குச் சான்றில்லை. ஆனால் அவர் செய்ததைக் கேட்கும் செவி உருவாக ஏறத்தாழ முப்பதாண்டு ஆயிற்று. 2015இல் அவர் காலமானார்.

நம் பக்கத்திலும் நடன இசைக்கு இத்தகைய காத்திருப்பு நேர்ந்ததுண்டு. சேற்றூரில் தமிழ் பயின்ற சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார், கழுகுமலை முருகனுக்குக் காவடிச்சிந்து பாடி 1891இல் இளவயதிலேயே மறைந்தார். காவடி தூக்கியவர் ஆடி நடக்கும் காலுக்கென்று கட்டப்பட்ட பாட்டு அது. சிந்து மக்கள் நாவில் வாழ்ந்தும், பழைய யாப்பு நூல்களில் அதற்கு விரிவான இடமில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புலவர் இரா. திருமுருகன்தான் சிந்தின் நடைகளை ஆராய்ந்து முறையான இலக்கணம் வகுத்தார். அதுவரை அது படித்தவர்களுக்கு 'வெறும் பாட்டு'.

இப்போது நம் மாணவரின் வீட்டுக்கு வருவோம். அவ்வட்டாரத்தில் ஒரு கோயில் கொடையில் வழக்கமான மேளத்தை நிறுத்திவிட்டு டிஜே ஒலிப்பெட்டிகளை வைத்தார்கள். விழாக்குழுவைச் சேர்ந்த ஒருவர், "எந்த மேளமா இருந்தா என்ன, சத்தந்தானே வேணும்" என்றாராம். எல்லாம் ஒரே சத்தம் என்றால் மலிவான சத்தமே போதும். கரகத்துக்கு ஒரு நடை, காவடிக்கு ஒரு நடை, சாமியாட்டத்துக்கு ஒரு நடை என்று ஆண்டுக்கணக்கில் கைப்பழக்கமாகப் பெற்ற கலைக்கு விலை நிர்ணயிப்பது, அந்த வேறுபாட்டை அறிந்த செவிதான். செவி போனால் கூலியும் போகும்.

தந்தையார்க்கு மகன்மீதும் வருத்தம். அவரும் மகனின் இசையை "ஒரே இரைச்சல்" என்றே சொல்லி வந்தார். ஒருநாள் மகன் அவருக்கு, யாழ்ப்பாணத்தில் பிள்ளைப்பருவத்தைக் கழித்த மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007இல் வெளியிட்ட 'கலா' தொகுப்பிலிருந்து ஒரு பாடலைப் போட்டுக் காட்டினார். சற்று நேரம் கேட்டவர், "இது நம்ம உறுமில்லா" என்று நிமிர்ந்திருக்கிறார். முழுவதும் கேட்டபின் ஒரே ஒரு கேள்வி: "வாசிச்ச ஆளுக பேரு என்னப்பா?" மகனிடம் விடை இல்லை.

இக்கேள்வியை நம்மிடம் சொன்னபோது மாணவர் கிரிகோரி கோல்மனை நினைவுகூர்ந்தார். 'தி வின்ஸ்டன்ஸ்' குழுவின் 1969ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றில் அவர் சுமார் 7 நொடி தனியாக டிரம் வாசித்திருக்கிறார். அந்த 7 நொடியை வெட்டியும் ஒட்டியும் விரைவுபடுத்தியும் அமைக்கப்பட்ட பாடல்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. டிரம் அண்டு பேஸ் என்ற வகைக்கே அது அடித்தளங்களுள் ஒன்று. அதற்காக அவருக்கு ஒரு காசும் கிடைத்ததில்லை. 2006இல், குடியிருக்க வீடின்றி இறந்தார்.

வகையறிதலை நாம் இலக்கணப் பொழுதுபோக்காகக் கருதுவதில்லை. இது இன்ன நடை, இன்ன ஊர்க் கை, இன்னார் வாசிப்பு என்று பிரித்தறிவது, செய்தவர்க்கு உரியதைக் கொடுப்பதன் முதற்படி. உறுமிக்கும் அது பொருந்தும், மடிக்கணினிக்கும் பொருந்தும்.

மாணவர் தம் ஆய்வேட்டுக்கு 'நையாண்டி மேளத்தில் உறுமியின் நடைகள்' என்ற தலைப்பை எடுத்திருக்கிறார். தந்தையார் ஒவ்வொரு நடையாக வாசிக்க, மகன் தம் கணினியில் பதிந்து, அடி விழும் இடங்களைக் கோடிட்டுக் குறித்து வருகிறார். இதுவரை பதினொரு நடைகள் பதிவாகியுள்ளன. ஒவ்வொரு கோப்பிலும் முதலில் எழுதப்பட்டிருப்பது வாசித்தவர் பெயர்.