பிள்ளையைக் கேட்டார்களா?

புதுச்சேரியில் நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்த காலத்தில் லூயி பாஸ்தேர் பாடத்தை மனப்பாடமாகவே ஒப்பிப்போம். 1885 ஜூலை. வெறிநாய் கடித்த ஒன்பது வயது ஜோசப் மெய்ஸ்தெரை அவன் அம்மா அல்சாஸிலிருந்து பாரிஸுக்குக் கூட்டி வருகிறாள். இன்னும் சோதனையில் இருந்த மருந்தை, 13 ஊசிகளாகப் போடுகிறார்கள். பையன் பிழைத்துக்கொண்டான். பிற்காலத்தில் பாஸ்தேர் நிறுவனத்திலேயே காவலாளியாகவும் வேலை பார்த்தான். அந்தப் பையனை ஒரு வார்த்தை கேட்டார்களா என்று பாடத்தில் இல்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. உயிர் போகிற அவசரம், அம்மா முடிவெடுத்தாள். சரிதான்.

ஆனால் எல்லா ஆராய்ச்சியும் அப்படி அவசரமானதல்ல. நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் பி.சி.ஜி. ஊசிச் சோதனை தொடங்கியது. ஒரு மாதக் குழந்தை முதல் கிழவர்கள் வரை லட்சக்கணக்கான பேர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பது அதில்தான் தெரிந்தது. உலகத்துக்கே பயன்பட்ட சேதி. நல்ல உடம்போடு இருந்த பிள்ளைகளும் அதற்குக் கை நீட்டினார்கள். அப்படி நீட்டுகிற கைக்கு உரியவரைத்தானே முதலில் கேட்க வேண்டும்?

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கம்மம் மாவட்டம் இருக்கிறது. 2009-ல் அங்கே 10 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை ஒரு திட்டமாகப் போட்டார்கள். பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். சர்ச்சை கிளம்பி, 2010 ஏப்ரலில் நிறுத்தினார்கள். ஊசியின் மேல் எனக்குக் குறை இல்லை. பல நாடுகளில் போடுகிறார்கள். என் கண் போனது படிவங்களில். 2013-ல் வந்த நாடாளுமன்றக் குழுவின் அறிக்கைப்படி, ஆந்திராவின் 9,543 சம்மதப் படிவங்களில் 2,763-ல் கையெழுத்துப் போட்டது விடுதிக் காப்பாளர். 1,948-ல் கைநாட்டு. ஃபைலில் எல்லாம் சரியாக இருந்திருக்கும்! ஆயுள் பூராவும் ஃபைல் பார்த்தவன் சொல்கிறேன், கையெழுத்து இருக்கிற இடத்தில் சம்மதமும் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

2017-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பிள்ளைகளுக்கென்றே வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது. ஏழு வயதுக்கு மேல் பிள்ளையிடமும் அதற்குப் புரிகிற மாதிரி சொல்லிக் கேட்க வேண்டும்.

இதை எங்கள் கொடுங்கையூரிலேயே பார்த்தேன். குப்பைமேட்டுப் புகை எங்கள் தெருவுக்குப் புதிதல்ல. எதிர்வீட்டுச் சிறுமிக்கு ஒன்பது வயது, வீசிங். சிகிச்சை பார்க்கும் இடத்தில் ஓர் ஆய்வில் சேரச் சொன்னார்களாம். படிவத்தை என்னிடம் காட்ட வந்தாள் அவள் அம்மா. “வேணாம்னா இனிமே மருந்து தர மாட்டாங்களோ, அய்யா?” என்பதுதான் அவள் பயம். ஏழைக்கு அந்தப் பயம் இருக்கும் வரை, அவள் ‘சரி’ என்பதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது கஷ்டம். சேராவிட்டாலும் சிகிச்சை தொடரும் என்று படிவத்திலேயே இருந்தது. இரண்டு தரம் படித்துக் காட்டினேன்.

மறுநாள் ஆய்வுக்காரப் பெண் வீட்டுக்கே வந்தார். தரையில் உட்கார்ந்து, படம் போட்ட அட்டையை விரித்து, சிறுமியிடம்தான் பேசினார். இவள் கேட்ட முதல் கேள்வி, “வேணான்னு சொன்னா கோச்சுப்பீங்களா?” அடுத்தது, “எனக்கு வீசிங் போயிடுமா?” போகும் என்று அவர் ஆசை காட்டவில்லை. “உனக்குப் போகாமலும் இருக்கலாம், பின்னால் வர்ற பசங்களுக்கு உதவலாம்” என்றார். குழாயில் ஊதுவதற்குச் சரி, ரத்தம் எடுப்பது மட்டும் வேண்டாம் என்றாள் பிள்ளை. அம்மா அதட்ட வாயெடுத்தாள். அந்தப் பெண் கையமர்த்திவிட்டு, ‘ரத்தம் வேண்டாம்’ என்றே எழுதிக்கொண்டார்.