தடைக்காலத்துப் பதினொருவர்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அறுபத்தொரு நாள்கள், தமிழகக் கிழக்குக் கரையின் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்களின் இனப்பெருக்கப் பருவம் என்பதால் விதிக்கப்பட்ட தடை அது. பாம்பனிலும் மண்டபத்திலும் இராமேசுவரத்திலும் படகுகள் கரையேற்றப்பட்டு வண்ணம் பூசப்படும், வலைகள் செப்பனிடப்படும், மற்றபடி விசைப்படகுத் தொழிலாளர்க்கு வேலை இல்லை. ஐபிஎல் கிரிக்கெட்டும் பெரும்பாலும் இதே நாள்களில்தான் நடக்கிறது. இரண்டையும் யாரும் சேர்த்துத் திட்டமிடவில்லை. ஆயினும் ஓய்ந்த கைகளும், நாளுக்கோர் ஆட்டமும், ஆளுக்கோர் அலைபேசியும் ஒருசேர அமைந்துவிட்டால் அங்கே என்ன முளைக்கும் என்று சொல்வதற்குச் சோதிடம் வேண்டியதில்லை.

முளைத்தது கற்பனை அணி விளையாட்டு. அதில் நாங்கள் ஐவர் சில கோடைகள் ஈடுபட்டிருந்தோம். எங்களில் மூவர் இராமநாதபுரத்தில் உத்தியோகம் பார்ப்பவர்கள், ஒருவர் மண்டபத்தில் கடை வைத்திருப்பவர், எல்லோரினும் இளையவர் தங்கச்சிமடத்தில் விசைப்படகுக்குப் போகிறவர். புத்தகங்கள் எங்களைச் சேர்த்து வைத்தன; கிரிக்கெட் மாலைதோறும் பேச வைத்தது. இதை இலக்கிய அன்பர்களிடம் சொல்வதில் சிறிது தயக்கம் உண்டு. ஆனால் ஒரு பிரதியை ஊன்றிப் படிப்பதற்கும் ஓர் ஆட்டத்தை ஊன்றிப் படிப்பதற்கும் இடையே நாங்கள் பெரிய வேற்றுமை கண்டதில்லை.

அறியாதவர்களுக்காக விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அன்றைக்கு மோதும் இரு அணிகளின் வீரர்களிலிருந்து பதினொருவரை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு விலை. மொத்தச் செலவு நூறு அலகுக்குள் அடங்க வேண்டும். நட்சத்திரங்களாகவே வாங்கிக் குவிக்க முடியாது. ஒருவரைத் தலைவராக்கினால் அவருடைய புள்ளிகள் இரட்டிக்கும். துணைத்தலைவருக்கு ஒன்றரை மடங்கு. 2008இல் தொடங்கிய ட்ரீம்11 இந்த வடிவத்தை இந்தியாவெங்கும் பரப்பியது. வேர் அமெரிக்காவில் இருக்கிறது. 1980இல் டேனியல் ஓக்ரென்ட் என்ற எழுத்தாளரும் அவருடைய நண்பர்களும் நியூயார்க் உணவகம் ஒன்றின் பெயரைத் தங்கள் கற்பனை பேஸ்பால் குழுவுக்குச் சூட்டி ஆடத் தொடங்கினார்கள். அன்று அது ஒரு பருவம் முழுதும் நீளும் பொறுமையான ஆட்டம். பின்னாளில் ஃபேன்டூயல், டிராஃப்ட்கிங்ஸ் போன்ற நிறுவனங்கள் அதை ஒரே நாளில் முடியும் ஆட்டமாக மாற்றின. பருவம் நாளாகச் சுருங்கியபோதே அதன் குணமும் மாறிவிட்டது என்பது எங்கள் எண்ணம். பருவம் முழுதும் ஆடும்போது தவறிய கணிப்பு தானே சமன்பட்டுவிடும். ஒரு நாளில் அதற்கு இடமில்லை.

தேர்வின் சுவை எங்கே இருக்கிறது? முதலில், பெயரைப் பார்க்காமல் பந்தை எண்ணக் கற்பதில். இருபது ஓவரில் ஓர் அணி சந்திப்பது 120 பந்துகள். தொடக்க ஆட்டக்காரர் அவற்றில் எத்தனையையும் சந்திக்கலாம். ஆறாவதாக இறங்கும் பெரும் புகழாளருக்குப் பத்துப் பந்து கிடைப்பதே அரிது. ஆகவே புகழில் குறைந்த தொடக்கக்காரர் பல நாள் புகழாளரை வெல்வார். பந்து வீச்சாளர் நிலை வேறு. அவருக்கு நான்கு ஓவர், அதாவது 24 பந்து, ஏறக்குறைய உறுதி. அந்த 24 எப்போது வீசப்படுகின்றன என்பதே கேள்வி. கடைசி ஓவர்களில் மட்டையாளர்கள் எல்லாவற்றையும் தூக்கி அடிக்க முயல்வதால் விக்கெட்டுகள் மலிவாகக் கிடைக்கும். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராசனின் யார்க்கரை நாங்கள் நம்பியது ஊர்ப்பற்றினால் மட்டுமன்று. இரு பக்கமும் பங்களிப்பவர் கிடைத்தால் அவரை விடவே கூடாது. 2024இல் சுனில் நரைன் தொடக்க ஆட்டக்காரராக 488 ஓட்டம் எடுத்தார். 17 விக்கெட்டும் வீழ்த்தினார். அந்த ஆண்டு அவரைத் தலைவராக்காமல் விட்ட மாலைகள் எங்களுக்குச் சுகமாகக் கழியவில்லை.

பேஸ்பாலில் கணக்கு நேர்மாறானது என்பதைப் படித்தபோது நாங்கள் வியந்தோம். அங்கே பந்துக்கு வரம்பில்லை, ஆட்டமிழப்புக்குத்தான் வரம்பு. ஒருவர் அடித்து நிலைத்தால் அடுத்தவருக்கும் வாய்ப்பு விரிகிறது. ஆகவே அங்குள்ளோர் ஒரே அணியின் நான்கைந்து மட்டையாளர்களை அடுத்தடுத்த வரிசையில் சேர்த்தே எடுப்பார்கள். நம் இருபது ஓவர் ஆட்டத்தில் ஒருவர் நின்று ஆடினால் பின்னால் இருப்பவரின் பந்துகளைத் தின்றுவிடுகிறார். ஒருவரின் வளம் மற்றவரின் வறுமை. இத்தகைய சிறு உண்மைகளைக் கண்டடைவதில் இருந்த மகிழ்ச்சியைப் பணத்தோடு சேர்த்து எண்ண இன்றும் எங்களுக்கு மனம் வரவில்லை.

எங்களில் சிறந்த தேர்வாளர் அந்த இளையவர்தான். அதற்குக் காரணம் அவருடைய தொழில் என்று நாங்கள் நம்புகிறோம். தனுஷ்கோடிப் பக்கம் வடக்கே உள்ள அமைதியான கடலைப் பெண்கடல் என்றும், தெற்கே சீறும் கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். எந்தக் காற்றுக்கு எந்தக் கடல் ஒத்துழைக்கும், வாடைக்கு என்ன விழும், கொண்டலுக்கு என்ன விழும் என்ற அறிவு அவருக்குத் தாய்மொழி போல. ஏழு மணிக்கு நாணயம் சுண்டப்பட்டு, ஆடுவோர் பட்டியல் வந்த பிறகு, ஏழரைக்குள் அணியை முடித்தாக வேண்டும். நாங்கள் எண்களைப் புரட்டிக்கொண்டிருக்கையில் அவர், "அண்ணே, இன்னைக்குப் பனி விழும். ரெண்டாவதா சுத்துற பந்துக்காரரை எடுக்காதீக" என்பார். ஈரப் பந்து கையில் நிற்காது என்பதை எந்தப் புள்ளிவிவரமும் அவருக்குச் சொல்லவில்லை. ஈரக் கயிறு சொல்லியிருந்தது.

அறிவும் நற்பேறும் கலந்த வணிகம் இந்தக் கடலுக்குப் புதிதன்று. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் அரசின் பங்கான சிப்பிகள் திறக்கப்படாமலேயே ஆயிரக் கணக்கில் ஏலம் விடப்பட்டன. உள்ளே முத்து இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. முன்கூட்டி எடுத்த மாதிரிச் சிப்பிகளின் மதிப்பைக் கொண்டு வணிகர் விலை கேட்பார். பல்லாயிரம் வாங்குகிறவருக்கு அந்தச் சராசரி துணை நிற்கும். ஒரு கைப்பிடி வாங்குகிறவருக்கு நிற்காது. அவர் சிப்பியைத் திறக்கும்போது எந்தச் சராசரியும் அருகில் இல்லை. இருவரும் வாங்கியது ஒரே சரக்குத்தான். முன்னவர் செய்தது வணிகம், பின்னவர் செய்தது சூது.

நம் நீதிமன்றங்கள் நெடுங்காலம் கேட்டு வந்த கேள்வி வேறு: ஓர் ஆட்டத்தில் மேலோங்குவது திறனா, தற்செயலா? 1957இல் பரிசுப் போட்டிகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த அளவுகோலை வகுத்தது. 1968இல் ரம்மி பெரும்பாலும் திறன் ஆட்டமே என்றது. விழும் சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும் அல்லவா. 1996இல், சென்னைக் குதிரைப் பந்தயம் தொடர்பாகத் தமிழகத்திலிருந்து போன வழக்கில், குதிரைப் பந்தயமும் திறன் சார்ந்ததே என்றது. 2017இல் பஞ்சாப், அரியானா உயர் நீதிமன்றம் கற்பனை அணி ஆட்டத்தையும் அந்த வரிசையில் சேர்த்தது. எங்கள் அனுபவம் இத்தீர்ப்புகளோடு முரண்படவில்லை. திறன் உண்டு, ஐயமே இல்லை. ஆனால் ஒரு கைப்பிடிச் சிப்பிக்காரரின் திறனுக்கு என்ன பயன் என்ற கேள்வி அந்த அளவுகோலுக்குள் வரவில்லை. பெரிய போட்டிகளில் ஒரே ஆள் பல அணிகளைப் பதியலாம். சேர்ந்த கட்டணத்தில் நடத்துபவரின் பங்கு முதலிலேயே கழிந்துவிடும், மீதிதான் பரிசு. அதிலும் பெரும்பகுதி உச்சியில் இருக்கும் மிகச் சிலருக்கு.

நாங்கள் நால்வர் ஓர் ஆட்டத்துக்கு ஒரு தேநீர் விலைக்கு மேல் வைத்ததில்லை. மாதச் சம்பளம் வருகிறவர்களுக்குக் கட்டுப்பாடு எளிது. இளையவருக்குத் தடைக்காலத்தில் வருமானமே இல்லை. இருப்பது அரசு தரும் நிவாரணம் மட்டும். 5,000 ரூபாயாக இருந்த அது 8,000 ஆக உயரும் என்று 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் அறிவித்தார். இரண்டு மாதத்துக்கு அந்தத் தொகை. ஒரு கோடையில் அதுவும், அதற்கு மேல் வாங்கிய கடனும், பெயர் வேண்டாத ஒரு செயலிக்குள் போய்விட்டன. எங்களுக்கு அது தெரிந்தது தடை முடிந்து அவர் கடலுக்குப் போய்ப் பல நாள் கழித்து. முதல் சில பயணங்களின் பங்கு முழுவதும் கடனுக்குப் போயிற்று என்பதை அவர் சொல்லவில்லை. அவருடைய தந்தை சொன்னார்.

அந்தப் பெரியவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. திண்ணையில் உட்காரச் சொல்லி, தேநீர் கொடுத்து, மகனின் ஆட்டத்தைப் பற்றி மெய்யான ஆர்வத்தோடு விசாரித்தார். எப்படித் தேர்வு செய்வது, பட்டியல் எப்போது வரும், எவ்வளவு வைக்க வேண்டும், பரிசு எப்படிப் பிரியும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டு முடித்துச் சொன்னார்: "எங்க படகுலயும் டீசலுக்குக் கழிச்சிட்டுத்தான் தம்பி பங்கு. ஆனா வலை போச்சுன்னா மொதலாளிக்கும் போகும். இதுல கழிக்கிறவுகளுக்கு என்னைக்காச்சும் வலை போகுமா?"

நாங்கள் படித்த தீர்ப்புகள் எவற்றிலும் இந்தக் கேள்வி இவ்வளவு தெளிவாக எழவில்லை. பங்கு முறை நியாயமானதா என்பதில் கரையில் ஆயிரம் சச்சரவு உண்டு. ஆனாலும் ஒரே அலையில் எல்லோரும் நனைகிற ஏற்பாடு அது. கற்பனை அணியில் காற்றைப் படிக்கிறவர் ஒருவர், நனைகிறவரும் அவரே; கரையில் நிற்பவர் என்றும் நனைவதில்லை.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறனா தற்செயலா என்ற வேறுபாட்டையே ஒதுக்கிவைத்து, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். ட்ரீம்11 கட்டணப் போட்டிகளை நிறுத்தியது. இந்திய அணியின் சட்டையிலிருந்து அதன் பெயரும் நீங்கியது. சட்டம் உடனே நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. அறுபதாண்டுத் தீர்ப்புகளை ஒரு சட்டம் கடந்து போகலாமா என்பது சட்டம் அறிந்தோர் பேச வேண்டியது. நல்லதைச் செய்யும் தடையும் தடைதான், அதைச் சுற்றிக் கள்ள வழிகள் முளைக்கும் என்போரின் அச்சத்தையும் நாங்கள் தள்ளிவிடவில்லை. கடலில் அறுபத்தொரு நாள் தடைக்குப் பிறகு மீன் பெருகுகிறது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். இந்தத் தடையில் என்ன பெருகும் என்பது சில பருவங்கள் கழிந்தே தெரியும்.

எங்களைப் பொறுத்தவரை ஆட்டம் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றுக்குத் திரும்பிவிட்டது. நூறு அலகு, பதினொரு பெயர், இரட்டிக்கும் ஒரு தலைவர்; பருவ முடிவில் கடைசியாக வந்தவர் மற்றவர்களுக்கு ஒரு புத்தகம் வாங்கித் தர வேண்டும். ஓக்ரென்ட்டின் நண்பர்களைப் போல, ஒரு நாளில் முடிக்காமல் பருவம் முழுதும் கூட்டிக்கொண்டு போகிறோம். இளையவர் கடன் தீர்த்துவிட்டார். கணக்கில் இப்போது அவரே முன்னால் இருக்கிறார், பெரிய இடைவெளியில். பணம் இருந்த காலத்தில் அவருடைய திறன் ஒருநாளும் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில்லை.