ராம் கேட்காமல் விட்டது

வெள்ளி இரவு, லூனாஸ், கெடா

வீட்டில் மறுபடியும் '96'. 2018 அக்டோபர் 4-இல் வெளிவந்த படம். ஒளிப்பதிவாளராக இருந்த சி. பிரேம்குமார் முதன்முதலாக இயக்கியது. பள்ளியில் பிரிந்த ராமும் ஜானுவும் 22 ஆண்டுகள் கழித்துச் சந்திக்கிறார்கள். ஓர் இரவு முழுக்கப் பேசுகிறார்கள். ஜானு சிங்கப்பூருக்குத் திரும்பிவிடுகிறாள். கதை எல்லாருக்கும் மனப்பாடம். படம் முடிந்ததும் சித்திதான் ஆரம்பித்தார்: "அந்தப் பையன் அன்னைக்கே நேரா ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்னா?"

மாமா விடவில்லை. "அவன் நல்லவன்லா. அதான் ஒதுங்கிட்டான்."

சனி

ராமின் முதல் மௌனத்தை மன்னிக்கலாம். அப்பாவின் கடனால் குடும்பமே தஞ்சாவூரை விட்டுச் சென்னைக்குப் போகிறது. பள்ளிக்கூடப் பையன் யாரிடம் சொல்லிக்கொண்டு கிளம்புவான்? கெடா தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, லயத்து வீடுகள் காலியாகித் தாமான் வீடுகள் எழுந்தன. பக்கத்து பெஞ்சில் இருந்த பிள்ளை எந்த ஊருக்குப் போனது என்றே தெரியாமல் வளர்ந்தவர்கள் இங்கே ஏராளம். லூனாஸுக்கு அருகிலுள்ள கூலிம் ஹைடெக் பார்க் திறக்கப்பட்டதும் படத்தின் தலைப்பில் நிற்கும் அதே 1996-இல்தான். பால்மரம் வெட்டிய வீட்டுப் பிள்ளைகள் ஷிப்டு வேலைக்குப் போன காலம் அது.

ஞாயிறு

சிக்கல் அதற்குப் பிறகுதான். ஜானுவின் கல்லூரிக்கே ராம் தேடி வருகிறான். வந்திருப்பது யாரென்று தெரியாமலே அவள் திருப்பி அனுப்பிவிடுகிறாள். ராம் அதையே அவளுடைய பதிலாக எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். பெயரைச் சொல்லி இன்னொரு முறை கூப்பிட்டிருக்கலாம். பிறகு அவள் கல்யாணத்துக்கும் வருகிறான், அவள் கண்ணில் படாமலே திரும்புகிறான். அவளோ கடைசி நிமிடம்வரை அவன் வந்துவிடுவான் என்று காத்திருந்தவள்.

மாமா கவனிக்காத இடம் ஒன்று உண்டு. ராமுக்கு ஜானு இருக்கும் இடம் தெரியும். கல்லூரி தெரியும், கல்யாணம் தெரியும். ஜானுவிடம் அவனுடைய முகவரிகூட இல்லை. தேடக்கூடியவன் அவன் ஒருவன்தான். அவன் ஒதுங்கியபோது தன் ஆசையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அவள் சொல்லியிருக்க வேண்டிய பதிலையும் தானே சொல்லிவிட்டான். ராமாக வரும் விஜய் சேதுபதியின் குழைவான நடிப்பு நம்மை அவன் பக்கமே சாய்க்கிறது. அதனால் இந்தக் கணக்கை நாம் பார்ப்பதில்லை.

ஒன்றை மட்டும் ராமுக்காகச் சொல்ல வேண்டும். அந்த இரவில் அவன் காட்டும் கண்ணியம் உண்மையானது. அவள் இன்னொருவர் மனைவி, ஒரு குழந்தைக்குத் தாய். அந்த எல்லையை அவன் ஒருபோதும் தாண்டவில்லை. மின்சாரம் போன இருட்டில், பள்ளி நாளிலிருந்து அவன் பாடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்த 'தளபதி' படப் பாட்டை அவள் பாடும்போது அவன் தடுமாறுவதும் பொய்யில்லை. ஆனால் கல்யாணத்துக்குப் பின் காத்த கண்ணியம், அதற்கு முன் பேசாமல் போனதற்குப் பதிலாகாது.

ராமின் மாணவிகளிடம் ஜானு ஒரு கற்பனைக் கதை சொல்வாளே, அதில் கல்லூரிக்கு வந்தவனை அவள் பார்த்துவிடுகிறாள், இருவரும் சேர்ந்தும்விடுகிறார்கள். அவன் கேட்டிருந்தால் வந்திருக்கும் பதில் அதுதான். அடுத்த முறை படம் பார்க்கும்போது அந்தக் காட்சியில் ராமை விட்டுவிட்டு, ஜானுவின் முகத்தை மட்டும் பாருங்கள்.