ஆனி மாதத்து அவரைக்கொடி

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (தாவரவியல்)

கோடை விடுமுறை என்றதும் நண்பர்களில் பலருக்குச் சினிமாவும் சித்தி வீடும் நினைவுக்கு வரும். எனக்குக் கிணற்று வாளிதான் நினைவுக்கு வரும். காரணம் என் அவசரபுத்தி.

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக் கொல்லையில் நான்கு சென்ட் செம்மண். அதில் இரண்டு தென்னை, ஒரு முருங்கை, சில வாழை, ஓர் அவரைப் பந்தல். இந்தச் சிற்றரசை ஆள்பவர் என் அப்பத்தா. முதலாண்டுத் தேர்வு முடிந்து சித்திரையில் வீடு திரும்பிய நான், அடுத்த தேர்வுக் கட்டணத்தை என் உழைப்பிலேயே கட்டுவதென்று சபதம் பூண்டேன். சுரைக்குடுக்கையில் சாம்பல் கலந்து வைத்திருந்த அவரை விதையை, அப்பத்தா சந்தைக்குப் போன நேரம் பார்த்து, ஒன்று விடாமல் ஊன்றிவிட்டேன். கல்யாணமான வருஷம் அவர் தாய்வீட்டிலிருந்து முந்தானையில் முடிந்து வந்த விதையின் வழி அது.

"ஏண்டா, ஆடிக்கு முன்னாடி போட்டா கொடிதானடா ஓடும், காய்க்குமா?" என்றார்.

"அதெல்லாம் அந்தக் காலத்துப் பேச்சு, அப்பத்தா" என்றேன். தாவரவியல் மாணவன் அல்லவா!

அக்கினி நட்சத்திரம் முழுவதும் வாளி வாளியாக இறைத்து ஊற்றினேன். பந்தல் கொள்ளாமல் கொடி படர்ந்தது. பூ மட்டும் ஒன்றுகூட இல்லை. வைகாசி முடிவதற்குள் கிணற்றில் வாளி தரை தட்டியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: கட்டணம் கிடக்கட்டும், குடுக்கையில் ஒரு விதைகூட மிச்சமில்லையே! இந்தக் கொடிகள் பட்டுப்போனால் அந்த இனமே எங்கள் வீட்டைவிட்டுப் போய்விடும்.

அப்பத்தா திட்டவில்லை. அரிவாளை எடுத்தார். நான் கண்ணும் கருத்துமாக வளர்த்த கொடிகளில் முக்கால் பங்கை அரிந்து ஆட்டுக்குப் போட்டார். "இருக்கிற தண்ணி எத்தனை வாய்க்குடா காணும்?" என்றார். இலை குறைந்தால் நீர் ஆவியாவதும் குறையும் என்று நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். கொல்லையில் அது நினைவுக்கு வரவில்லை. மிஞ்சிய கொடிகளின் தூரில் தென்னை மட்டையும் வாழைச் சருகும் பரப்பினோம். ஓட்டைக் கலயத்தில் துணித்திரி செருகி மண்ணில் புதைத்து, பொழுது சாய்ந்தபின் அரிசி கழுவிய நீரை ஊற்றினோம். அது இரவெல்லாம் வேரருகே கசிந்தது. நுனியில் அசுவினி அப்பியபோது விடியற்காலையில் அடுப்புச் சாம்பல் தூவினோம். ஆடிக்காற்றுக்கு முன் பந்தற்காலை மாற்றி, வாழைக்கு முட்டுக் கொடுத்து, முருங்கைக் கிளையைக் கழித்தோம். அந்த ஆனி மாதம் நான் தூங்கியது குறைவு.

தேர்வுக் கட்டணமா? அப்பத்தா இரண்டு கோழியை விற்றுக் கட்டினார். அதைப் பற்றி அதிகம் எழுத வெட்கமாக இருக்கிறது.

இரண்டாம் ஆண்டில் எங்கள் பேராசிரியர், பகல் குறுகினால்தான் பூக்கும் செடியினங்களைப் பற்றிப் பாடம் நடத்தியபோது பந்தல் அவரையை எடுத்துக்காட்டாகச் சொன்னார். நான் குனிந்துகொண்டேன். நம் பக்கத்தில் ஆனிப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். கடிகாரமே கட்டாத அப்பத்தாவுக்கும் அந்தக் கொடிக்கும் அது தெரிந்திருக்கிறது.

கார்த்திகையில் ஊதாப் பூ வந்தது. முதல் கொத்துக் காயைப் பறிக்கப்போன என் கையைத் தட்டிவிட்டார். "அது முத்தட்டும், விதைக்கு."

இவ்வாண்டு ஆடிப்பெருக்கன்று ஊன்றினோம். பாதியைத்தான். மீதி குடுக்கையில் இருக்கிறது. குடுக்கை அப்பத்தாவின் தலைமாட்டில் இருக்கிறது.